மேடு இறக்கத்தில் வாழ்கிறவர்கள் முட்டிக் குருத்தெலும்பைக் காப்பது எப்படி

"தேய்ஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தேய்ஞ்சது திரும்பி வருமா கண்ணு?" கோத்தகிரியில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய அம்மாமார்கள். ஆண்டுக்கணக்கில் சரிவில் நின்று கொழுந்து எடுத்தவர்கள், ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) பஸ் ஸ்டாண்டுக்கு மேடு ஏறி இறங்கியவர்கள். ஒரு கட்டம் வரை வரும், அதைத் தாண்டினால் வராது என்பதுதான் என் பதில். அந்தக் கட்டம் எது, அதைத் தாண்டாமல் இருக்க என்ன செய்வது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவசரம் என்றால் பின்பாதிக்குப் போய்ப் பயிற்சிகளை மட்டும் பாருங்கள். ஆனாலும் காரணம் தெரிந்தவர்கள்தான் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள், நான் பார்த்தவரை.

முதலில் ஒரு விஷயம். குருத்தெலும்பு வெறுமனே உரசி உரசித் தேய்வதில்லை. பெரும்பகுதி சேதத்தை உள்ளேயே உருவாகும் நொதிகள் வெட்டி வெட்டிச் செய்கின்றன. அந்த நொதிகளை அடக்கிவைக்கும் தடுப்புப் புரதங்களும் அங்கேயே இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையிலான கணக்கு எப்போது தவறுகிறதோ, அப்போது மூட்டு கெடத் தொடங்குகிறது.

உள்ளே நடக்கும் கணக்கு

முட்டியில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் அது பழுதாகத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். மீதியில் முக்கியமானவை இரண்டு: இரண்டாம் வகை கொலாஜன் நார்களின் வலை, அந்த வலைக்குள் அடைபட்டிருக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. தண்ணீரை இழுத்துப் பிடிப்பது அக்ரிகன். அது வீங்கிப் பரவாமல் கட்டிவைப்பது கொலாஜன். இரண்டையும் உருவாக்குவது காண்ட்ரோசைட் என்ற செல்கள். மொத்தக் கன அளவில் நூற்றுக்குச் சில பங்குதான் அவை. அவ்வளவு குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டுதான் முட்டி நம்மைத் தாங்குகிறது.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். கண்டபடி வெட்டினால் செடி செத்துவிடும். குருத்தெலும்பிலும் அதே கதை. பழையதை வெட்டி அகற்ற நொதிகள் வேண்டும். எங்கே, எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெட்டும் வேலை இரண்டு குடும்பங்களுக்கு. எம்எம்பி என்ற குடும்பத்தில் எம்எம்பி-13 கொலாஜனை அறுப்பதில் கில்லாடி. ஆடம்டிஎஸ் குடும்பத்தில் 4ஆம், 5ஆம் எண் நொதிகள் அக்ரிகனைக் குறிவைப்பவை. இவை எல்லாவற்றின் வாயிலும் ஒரு துத்தநாக அணு உண்டு. அது இல்லாவிட்டால் வெட்டு விழாது.

கங்காணி வேலை டிம்ப் என்ற புரதங்களுக்கு. நம் உடலில் டிம்ப்-1 முதல் டிம்ப்-4 வரை நான்கு இருக்கின்றன. டிம்ப்பின் ஒரு முனை ஆப்பு வடிவில் நொதியின் வாய்க்குள் நுழைந்து அந்தத் துத்தநாகத்தையே பிடித்துக்கொள்ளும். ஒரு டிம்ப் ஒரு நொதியைத்தான் கட்டும். ஆக, இது தலைக்குத் தலை எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு. மனிதக் குருத்தெலும்பில் இரண்டையும் அளந்த ஓர் ஆய்வு 1989இல் வெளிவந்தது. ஆரோக்கியமான குருத்தெலும்பில் தடுப்பான் நொதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தேய்மானம் வந்த குருத்தெலும்பிலும் தடுப்பான் குறைந்துவிடவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்திருந்தது. ஆனால் நொதி அதைவிட அதிகமாகக் கூடி முந்திவிட்டது. உடம்பு சும்மா இருக்கவில்லை, எதிர்த்துப் பார்த்திருக்கிறது, எண்ணிக்கையில் தோற்றிருக்கிறது.

நான்கில் எனக்குப் பிடித்தது டிம்ப்-3. மற்றவை நீரில் கரைந்து நகரும். இது குருத்தெலும்பின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். ஆடம்டிஎஸ்-4, 5 இரண்டையும் நன்றாக அடக்குவது டிம்ப்-3 மட்டும்தான். டிம்ப்-3 இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகளுக்கு வயதாகும்போது குருத்தெலும்பு கெட்டுப்போனது. ஆடம்டிஎஸ்-5 வேலை செய்யாத எலிகளுக்கோ, முட்டியைக் காயப்படுத்திய பிறகும் சேதம் வெகுவாகக் குறைந்தது. இது 2005இல் வெளிவந்த கண்டுபிடிப்பு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. செல்களின் மேல்பரப்பில் எல்ஆர்பி-1 என்ற ஏற்பி உண்டு. வெளியே திரியும் ஆடம்டிஎஸ்-5ஐ அது உள்ளே இழுத்துச் செரித்துவிடும். நல்ல குருத்தெலும்பில் ஆடம்டிஎஸ்-5 தொடர்ந்து உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. உருவான சில மணி நேரத்தில் விழுங்கப்பட்டுவிடுவதால் தொல்லை இல்லை. அதே எல்ஆர்பி-1 டிம்ப்-3யையும் விழுங்குகிறது என்பதுதான் வேடிக்கை. தேய்மானம் வந்த குருத்தெலும்பில் எல்ஆர்பி-1 செல்லிலிருந்து வெட்டுப்பட்டு உதிர்ந்துவிடுகிறது. அப்போது ஆடம்டிஎஸ்-5 நெடுநேரம் வெளியே தங்கி, அக்ரிகனை வெட்டிக்கொண்டே இருக்கும். ஏற்பியை வெட்டி உதிர்ப்பதும் இதே இனத்து நொதிகள்தான். அதனால் ஒருமுறை சமநிலை சாய்ந்தால் சரிவு தானாக வேகம் பிடிக்கிறது.

திரும்பி வருவது எது, வராதது எது

1956இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பாப்பைன் நொதியை முயல்களின் ரத்தத்தில் செலுத்தினார். சில மணி நேரத்தில் விறைத்து நின்ற காதுகள் இரண்டும் துவண்டு தொங்கிவிட்டன. காதுக் குருத்தெலும்பின் அடர்த்தியான கூழ்ப்பொருள் கரைந்துபோயிருந்தது. சில நாள் கழித்து அதே காதுகள் மறுபடி நிமிர்ந்து நின்றன. செல்கள் இழந்ததைத் திரும்பக் கட்டிவிட்டிருந்தன. (பயப்பட வேண்டாம், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பப்பாளியைத் தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றுக்குள் போகும் பாப்பைன் முட்டிக்கு வந்து சேராது.)

அக்ரிகன் போனால் செல்கள் திரும்ப உண்டாக்கும், நார்வலை அறுந்திராத வரை. கொலாஜன் அப்படி இல்லை. குருத்தெலும்பின் கொலாஜனுக்கு அரை ஆயுள் ஏறத்தாழ 117 ஆண்டுகள் என்று 2000இல் கணக்கிட்டார்கள். வளரும் வயதில் கட்டிய வலைதான் பெரும்பாலும் கடைசி வரை. எம்எம்பி-13 அதை அறுக்கத் தொடங்கினால் புது வலை கட்ட நம் உடம்பிடம் வழி இல்லை. அம்மாமார்கள் கேட்கும் அந்தக் கட்டம் இதுதான். ஆரம்ப வலியிலேயே வந்துவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிக்கு முன்பு இதைச் சரிபாருங்கள். காலையில் எழுந்ததும் பிடித்துக்கொள்ளும் முட்டி அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால், நடந்தால் வலி, உட்கார்ந்தால் ஆறுதல் என்றால், அநேகமாகத் தேய்மானம். பனிக்காலத்தில் எல்லோருக்கும்தான் பிடிப்பு இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் தாண்டியும் விறைப்பு, இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம், சூடு, உடல் சோர்வு என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏன் இந்தப் பிரிவினை? தேய்மானத்தில் வெட்டும் நொதியைப் பெரும்பாலும் குருத்தெலும்பின் செல்களே உண்டாக்குகின்றன. முடக்குவாதத்தில் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிச் செய்திகளின் (வீக்கத்தைத் தூண்டும் புரதங்களின்) உத்தரவில் நொதிகளை மூட்டுக்குள் கொட்டுகிறது. மூட்டு நீரில் டிம்ப்-1 அளவும் உயரத்தான் செய்கிறது. நொதி வெள்ளத்துக்கு முன் அது போதாது. நடைப்பயிற்சி அந்த வெள்ளத்தை நிறுத்தாது. உத்தரவு கொடுக்கும் இடத்தையே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அடக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பாட்டி தாத்தா சாப்பிடுகிறார்கள் என்றால் எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

இனி நான் சொல்வதெல்லாம் தேய்மானத்துக்கு.

கங்காணியைக் கடையில் வாங்க முடியுமா?

முடியாது. கம்பெனிகள் முயன்று பார்த்தன. எம்எம்பி நொதிகளை மொத்தமாக அடைக்கும் மாரிமாஸ்டாட் என்ற மருந்தைப் புற்றுநோய்க்குச் சோதித்தபோது, பலருக்குத் தோளிலும் கையிலும் மூட்டு வலியும் விறைப்பும் வந்தன. கவ்வாத்தையே நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, அதுதான். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் எம்எம்பியைக் கொஞ்சம் தடுக்கும். 2005இல் வெளிவந்த சோதனையில் அது மூட்டு இடைவெளி குறைவதைத் தாமதப்படுத்தியது, வலியைக் குறைக்கவில்லை. ஆடம்டிஎஸ்-5ஐ மட்டும் குறிவைத்த ஒரு மாத்திரையை ஓர் ஆண்டு கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2020இல் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. எல்ஆர்பி-1 பிடியில் சிக்காத டிம்ப்-3யை ஆய்வகத்தில் வடிவமைத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்கு இன்னும் வரவில்லை.

"அப்ப ஆட்டுக்கால் சூப்பு?" குடியுங்கள், குளிருக்கு நல்லது. அதிலுள்ள கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலமாக உடைந்துவிடும். முட்டிக்குப் போய் வலை பின்னாது. டப்பாவில் வரும் கொலாஜன் பவுடருக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான், விலைதான் வேறு. குளுக்கோசமைனை முட்டித் தேய்மானத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் உறுதியாகவே சொல்கிறது. பிரண்டைத் துவையல் ருசி. அவ்வளவுதான் சொல்வேன்.

நம் ஊர் தைலங்களை நான் திட்ட மாட்டேன். நீலகிரித் தைலம் தேய்த்தால் சூடு பரவும், வலி மரத்துப்போகும், அப்புறம் பயிற்சி செய்ய மனசு வரும். குருத்தெலும்புக்குள் அது போவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வின்டர்கிரீன் தைலத்தில் கவனம். அதிலிருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன். குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்தாலே விஷம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்க வேண்டாம். முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி எப்போதாவது போட்டுக்கொண்டால் சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்ததை 2017இல் காட்டியிருக்கிறார்கள். வலியிலோ வித்தியாசமே இல்லை.

நாம் செய்யக்கூடியது

ஆய்வகத்தில் குருத்தெலும்புச் செல்களை மிதமாக, விட்டுவிட்டு அழுத்திப் பார்த்தால் எம்எம்பி-1, எம்எம்பி-13 உற்பத்தி குறைகிறது. பலமாக இடித்து அழுத்தினால் கூடுகிறது. அசையவே விடாமல் கட்டிப்போட்ட மூட்டிலும் அக்ரிகன் குறைகிறது. ரத்தக் குழாய் இல்லாத திசு அல்லவா, அசைவில்தான் அதற்குத் தீனி போய்ச் சேரும். ஆகவே படுத்துக் கிடப்பதும் வேண்டாம், பாரத்தோடு குதித்து இறங்குவதும் வேண்டாம். நொதி பெருகாத அளவில் முட்டிக்கு வேலை கொடுப்பதுதான் வழி. டிம்ப்பைக் கூட்ட நம் கையில் ஒன்றும் இல்லை. அது சமாளிக்க வேண்டிய கூட்டத்தைக் குறைக்கலாம்.

இறக்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், மலையில் சேதம் பெரும்பாலும் அங்கேதான். பெர்லினில் ஐந்து பேருக்குச் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுக் கருவி வைத்து அளந்தார்கள், 2010இல் வெளிவந்தது. சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றத்தைத்தான் எல்லோரும் பழிக்கிறோம். முட்டிக்கு வலிப்பது இறக்கம்.

என்னிடம் வரும் ஓர் அக்கா இலை மூட்டையைத் தலைப் பட்டையில் மாட்டிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு நேர் கீழாக இறங்குவார். குதிகால் முதலில் மண்ணில் இடிக்கும், முட்டி நேராகப் பூட்டிக்கொள்ளும், உடம்பு முழுக்க ஒரு குலுக்கு. அவரை மூன்று விஷயம் மாற்றச் சொன்னேன். நேராக இறங்காமல் செடி வரிசையை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இறங்குவது. அடியைப் பாதியாகக் குறைத்து, முட்டியை லேசாக மடித்தபடியே கால் வைப்பது. மூட்டையைப் பாதி பாதியாக இரண்டு நடையில் கொண்டுபோவது. மூன்றாவதற்கு மேஸ்திரியிடம் பேச வேண்டியிருந்தது, அது தனிக் கதை. இப்போது அவர் இறங்குவதைப் பார்த்தால் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் குலுக்கு இல்லை.

கைத்தடி வைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். வலிக்கும் முட்டிக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். வலது முட்டி என்றால் இடது கை. தடியும் வலிக்கும் காலும் ஒரே நேரத்தில் முன்னே போக வேண்டும். அடியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்ததும் மாற்றுங்கள், மழைக்காலப் பாசியில் அது இல்லாமல் தடியே வழுக்கிவிடும்.

எடை. முட்டி வலியுள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்து 2005இல் ஒரு கணக்கு வந்தது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. கொழுப்புத் திசு அழற்சிச் செய்திகளையும் சுரக்கும் என்பதால் லாபம் இரட்டை. வர்க்கி பிஸ்கட்டை விடச் சொன்னால் என்னோடு பேச மாட்டீர்கள். டீக்கு ஒன்று போதும் என்று மட்டும் சொல்கிறேன்.

தொடைத் தசைக்கு மூன்று பயிற்சிகள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, உருட்டிய துண்டு ஒன்றை முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் துண்டை அமுக்குங்கள். தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகுவது கையை வைத்துப் பார்த்தால் தெரியும். தெரியாவிட்டால் நீங்கள் இடுப்பால் அமுக்குகிறீர்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, நீட்டிய காலை ஓர் அடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். மூன்றாவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாதவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள், பலன் அங்கேதான் இருக்கிறது. காலையும் மாலையும் செய்யுங்கள். உள்ளே பனி விழும் வீடு என்றால் முதலில் வெந்நீர் ஒத்தடம்.

நடைக்குச் சமதளம் தேடிப் போங்கள். ஊட்டிக்காரர்களுக்கு ஏரிக்கரை உண்டு, எங்களுக்குக் காந்தி மைதானம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எவ்வளவு போதும் என்பதை முட்டியே சொல்லும்: செய்யும்போது லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தாலோ முட்டி வீங்கினாலோ நேற்று செய்தது அதிகம். பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் தராமல் பலன் கேட்காதீர்கள்.

தரையில் சம்மணம், குத்துக்கால், தாழ்வான மணை மூன்றையும் முடிந்தவரை தவிருங்கள். கழிப்பறையில் மேற்கத்திய கோப்பை இல்லையென்றால் நடுவில் துளையுள்ள நாற்காலி கடையில் கிடைக்கும். முட்டி திடீரென்று சூடாகிச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, என்னிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகப் பஸ் படி. மலை பஸ்ஸின் முதல் படி உயரம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஒரு கை கம்பியில். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள்; "கொஞ்சம் இரு தம்பி" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு காலும் தரையில் பட்ட பிறகு கம்பியை விடுங்கள்.